மக்கில் என்ன செய்யலாம்? சுவரா, பெட்டியா, களமா, முளைப்பாரியா?

எங்கள் ஊர் வாசகசாலைக்குப் பின்னால் ஒரு குப்பைக்குழி இருக்கிறது. ஆறடிக்கு நாலடி, இடுப்பளவு ஆழம். வாசலில் விழுகிற தென்னை மட்டை, எதிர்த்த டீக்கடையின் தேயிலைச் சக்கை, மாரியம்மன் கோயிலில் கழிக்கிற மாலை, மண்டபத்து வாழையிலை, ஓணத்துக்குப் போட்ட பூக்களம் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்து மக்கி எருவாகும். ஐந்து வருஷமாக அதைக் கிளறி, தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ரிட்டயர்டு வாத்தியாருக்கு வேறென்ன வேலை கொடுப்பார்கள்?

வருகிற தையில் ஆண்டுவிழா. வழக்கமாக வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டுவோம். விழா முடிந்ததும் அது யாராவது ஒருத்தர் வீட்டு விறகை மூடப் போய்விடும். இந்தத் தடவை, திருச்சூரில் நுண்கலை படிக்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, "நம்ம குழியில இருக்கற மக்குலயே ஏதாச்சும் பண்ணலாமுங்க சார்" என்றாள். எல்லாரும் தலையாட்டினோம். என்ன பண்ணுவது என்பதில்தான் நாலு கட்சி.

மக்கையே சாயமாக்கிச் சுவரில் படம் வரையலாம் என்றார் ஒருவர். கண்ணாடிப் பெட்டிக்குள் குப்பையை அடுக்கடுக்காகக் காட்டலாம் என்றார் இன்னொருவர். தரையில் பொடி தூவிக் கோலம்போல வரைகிற களம் மாதிரிப் போடலாம் என்றார்கள் பெண்கள். சிற்பமாகப் பிடித்து அதில் விதையை முளைக்கவைக்கலாம் என்றாள் அந்தப் பிள்ளை. ஆவணியிலிருந்து நாலையும் சின்ன அளவில் செய்து பார்த்துவிட்டோம். முடிவு சொல்லும் வேலை என் தலையில் விழுந்ததால் இதை எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஓர் ஆசை கிளம்பினால் எங்கள் தடுமாற்றம் உதவட்டும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை போகிற வழியில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கிறோம். வீட்டில் கொங்குத் தமிழ். பஞ்சாயத்து நோட்டீஸ் மலையாளம். அதனால் எங்கள் குழியில் இருப்பதற்குப் பெயர்களும் பல. என் அமத்தா, அதாவது பாட்டி, அதை எரு என்பாள். அடுத்த வீட்டு மலையாளிக் குடும்பம் 'வளம்' என்கிறது. மலையாளத்தில் உரத்துக்கு அதுதான் சாதாரணச் சொல். பஞ்சாயத்துக் காகிதத்தில் 'ஜைவ மாலின்யம்' என்று இருக்கும். நாம் செழிப்புக்கு வைத்திருக்கிற சொல்லை அவர்கள் எருவுக்கு வைத்திருக்கிறார்கள் என்பது இத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்கு அலுக்காத விஷயம்.

தமிழில் இன்னொரு பெயரும் உண்டு. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. மக்கு. முப்பத்தொரு வருஷ வேலையில் அந்தச் சொல்லை எத்தனை பிள்ளைகள் மேல் எறிந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மழுங்குவது, ஒளி குறைவது, இற்றுப்போவது எல்லாம் அந்த ஒரு வினைச்சொல்லில் அடங்கும். குழியைக் கிளற ஆரம்பித்த பிறகுதான், மக்குவது என்றால் உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது என்று தெரிந்தது. நன்றாகச் சேர்ந்த குவியலுக்குள் 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். கடப்பாரையைச் செருகிப் பத்து நிமிஷம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாது. மார்கழி விடியலில் மேல்மூடாக்கை விலக்கினால் ஆவி பொங்கும். அடியில் சாம்பல் தூவிய மாதிரி வெள்ளை நூல் பரவியிருக்கும். முதல்முறை பார்த்தபோது பூசணம் பிடித்துக் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். அது ஆக்டினோமைசீட்ஸ் என்கிற நுண்ணுயிர்க் கூட்டம். முதல் மழைக்கு மண் கமழ்வதும் அவற்றின் தயவில்தான். அந்த மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் தண்ணீரில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

எல்லையில் குப்பை என்றாலே சண்டை. 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டிக் கிடந்தது நினைவிருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரளத்திலிருந்தே லாரி வந்து அள்ளிப்போனது. அதற்கு முந்தைய வருஷம் மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கில் பிடித்த தீ பத்து நாளுக்கு மேல் புகைந்தது. 2012-லிருந்து பெரிய பினாலே கலைக்கண்காட்சி நடக்கிறதும் அதே கொச்சியில்தான். நாங்களோ கேரளத்தில் இருக்கிற தமிழர்கள். பொள்ளாச்சிச் சொந்தக்காரர்கள் "உங்க ஊர்க் குப்பைய ஏனுங்க இங்க கொட்டறீங்க" என்று எங்களைக் கேட்பார்கள். இங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் அந்தப் பக்கத்து ஆட்கள். அப்படிப்பட்ட ஊரில் வாசகசாலை வாசலில் குப்பையை எடுத்து வைத்தால், கலையோ இல்லையோ, ஆளாளுக்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அதனால் அர்த்தத்தைப் பற்றி முன்கூட்டியே கொஞ்சம் யோசித்துவிடுவது நல்லது.

கூட்டத்தில் அழகு, செலவு, எத்தனை நாள் நிற்கும் என்ற மூன்றைத்தான் பேசினோம். செய்து பார்க்கப் பார்க்க எனக்கு வேறு இரண்டு கேள்விகள் பெரிதாகிவிட்டன. செய்த பொருள் மறுபடி குழிக்குத் திரும்புமா? யார் யார் கை அதில் படும்?

இரண்டாவது கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் குப்பையைத் தொட்ட கை எப்போதும் ஒரே தெருவிலிருந்துதான் வந்தது. இன்றைக்கும் குழிக்கு ஆள் வேண்டும் என்று கூட்டத்தில் பேச்சு வந்தால் எல்லார் கண்ணும் ஒரே பக்கமாகத் திரும்பும். நான் மண்வெட்டியை எடுத்தபோது சொந்தக்காரர் ஒருவர், "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் அந்த 'உங்களுக்கு' என்ற சொல்லுக்குள் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கிறது.

மக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மரணம், மறுபிறப்பு என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. குழிக்குள் போன எதுவும் அதுவாகத் திரும்பி வருவதில்லை. வாழைத்தோல் வாழையாகப் பிறப்பதில்லை. நான் பார்த்தவரை அங்கே நடப்பது பெயர் அழிவது. சாமிக்குப் போட்ட மாலையும் எழவு வீட்டில் சாப்பிட்ட இலையும் தொண்ணூறு நாளில் ஒன்றாகிவிடும். எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. ஊருக்குள் நடக்காதது குழிக்குள் நடக்கிறது. நாலு யோசனையில் எது இதைக் காட்டும் என்பதுதான் நான் தேடியது.

சுவரிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத்தான் ஓட்டு அதிகம்.

மக்குச் சாயம் செய்வது கஷ்டமில்லை. நன்றாக மக்கியதை நிழலில் காயவைத்து, மாவு சல்லடையில் சலித்து, மறுபடி மல்துணியில் வடிகட்டினால் மைபோல நைஸாக இறங்கும். சலிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த மக்குத் தூசியில் பூசண வித்து நிறைய இருக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. நான் முதல்நாள் கட்டாமல் சலித்துவிட்டு இரண்டு நாள் இருமினேன். இன்னொரு வழியும் உண்டு. சலவைச் சோடா கலந்த தண்ணீரில் மக்கைக் கொதிக்கவைத்தால் ஹியூமிக் அமிலம் கரைந்து காப்பி டிகாக்ஷன் மாதிரி ஒரு மை கிடைக்கும். ஐரோப்பிய ஓவியர்கள் பயன்படுத்திய காசல் மண் என்ற பழுப்புச் சாயமும் இந்தக் குடும்பம்தான். பழுப்பு நிலக்கரியும் முற்றாக மக்கிய தாவரமும் சேர்ந்த மண் அது. ஜெர்மனியின் காசல் நகரத்தின் பெயர் அதற்கு. ஓவியர் வான் டைக் பெயராலும் அதை அழைப்பார்கள். வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்பது அதன் பழைய கெட்ட பெயர். நாங்கள் போட்ட மாதிரியும் தெற்குச் சுவரில் ஒரு மாதத்துக்குள் டீக்கறை மாதிரி ஆகிவிட்டது.

பசைதான் பிரச்சனை. புளியங்கொட்டைப் பசையில் குழைத்தால் நிறம் அருமையாக வந்தது. ஈரம் காயும்வரை கறுப்பு, காய்ந்ததும் செம்மண்ணும் இல்லாத சாம்பலும் இல்லாத ஒரு பழுப்பு. ஐப்பசி மழையில் அதன்மேல் வெள்ளைப் பூசணம் பூத்தது. எனக்கு அது பிடித்திருந்தது, கமிட்டிக்குப் பிடிக்கவில்லை. "ஃபெவிகால் கலந்துடலாமுங்க, அசையாது" என்றார் பெயின்ட் அடிக்கிற தம்பி. அவர் சொன்னது சரி, அசையவே இல்லை. ஈரத்துணியால் துடைத்தும் பார்த்தோம். ஆனால் அந்தச் சுவரைச் சுரண்டிக் குழியில் போட முடியுமா? மக்கை எடுத்து மக்காத குப்பை ஆக்கியிருக்கிறோம். வாசலில் வைத்திருக்கிற இரண்டு தொட்டியில் எதில் போடுவது என்று கேட்டதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. அதோடு, சுவரில் படம் என்றால் வரையத் தெரிந்த ஒருவர் வரைவார், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

இதைச் சொல்லும்போதே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கெட்டிப்படுத்தி நிற்கவைத்த எல்லாமே பொய் இல்லை. பெங்களூரில் ஓவியர் ஷீலா கௌடா 1990-களின் தொடக்கத்தில் எண்ணெய்ச் சாயத்தை விட்டுவிட்டுச் சாணத்தைக் கையில் எடுத்தார். நாடெங்கும் மதக்கலவரம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சாணம் வீட்டை மெழுகுகிற பொருள், அடுப்புக்கும் போகிற பொருள், பெண்கள் கைப்படுகிற பொருள் என்ற எல்லாமும் சேர்ந்துதான் அவர் வேலைக்கு எடை கொடுத்தது. பொருளுக்குப் பின்னால் வாழ்க்கை இருந்தால் அது கேலரியில் நின்றாலும் பேசும். நாங்கள் செய்ததில் அது இல்லை. யானை, தென்னைமரம், சூரியன். மஞ்சளிலும் பச்சையிலும் வரைய வேண்டியதைப் பழுப்பில் வரைந்திருந்தோம், அவ்வளவுதான்.

கண்ணாடிப் பெட்டியை நான் முதலில் அலட்சியமாக நினைத்தேன். மீன்தொட்டி விற்கிறவரிடம் மூன்றடிக்கு ஒன்றரையடியில் ஒரு பழைய தொட்டி வாங்கினோம். அடியில் உடைந்த ஓடு, அதன்மேல் காய்ந்த இலை, சாணிக்கரைசல், டீச்சக்கை, மறுபடி இலை, கொஞ்சம் தென்னை நார்த்தூள், முடிந்துபோன மக்கு என்று அடுக்கினோம். கேரளத்தில் பல ஊர்களில் இருக்கிற தும்பூர்முழி என்கிற உரத்தொட்டியும் இப்படி அடுக்குவதுதான். நாலடிச் சதுரத்தில், காற்று நுழைகிற இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். எங்கள் தொட்டிக்குத்தான் காற்று வழியே இல்லை. ஒன்பதாம் நாள் மூடியைத் திறந்தபோது வாசகசாலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். அழுகுவது வேறு, மக்குவது வேறு. நடுவில் இருக்கிற வித்தியாசம் காற்று. பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொசுவலை அடித்த பிறகுதான் நாற்றம் நின்றது.

அப்புறம் விட்ட மண்புழுவைப் பார்க்கப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, அதனால் கறுப்புத் துணி போட்டு மூடி வைத்தோம். துணியைத் தூக்குகிற அந்த ஒரு நொடியில் கண்ணாடியை ஒட்டி ஒரு புழு பின்னுக்கு இழுத்துக்கொண்டு மறையும். ஒரு பையன் அதற்காகவே மதியம் வெயிலில் ஓடி வருவான். பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமென்றால் யோசிக்காமல் இதைச் செய்யுங்கள். வாரம் ஒரு கோடு போட்டு வைத்தால் குவியல் எப்படி இறங்குகிறது என்று பிள்ளைகளே அளந்து பார்ப்பார்கள். எங்கள் தொட்டியில் இரண்டு மாதத்தில் பாதிக்குக் கிட்ட இறங்கியிருந்தது.

ஆனால் கண்ணாடி என்பது தொடாதே என்று சொல்கிற பொருள். நியூயார்க்கில் வால்டர் டி மரியா என்ற கலைஞர் 1977-இல் ஒரு மாடி முழுக்க மண்ணைக் கொட்டி வைத்தார். 22 அங்குல உயரம், ஏறக்குறைய 127 டன். இன்றும் இருக்கிறது, முளைக்கிற காளானைப் பிடுங்கி, தண்ணீர் தெளித்து, வாரிவிட்டுப் பராமரிக்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். விலை உயர்ந்த நகரத்தின் நடுவில் எதுவும் விளையாத மண் சும்மா கிடக்கிறது என்பதில் அங்கே ஓர் அதிர்ச்சி இருக்கலாம். சித்தூர் தாலுகாவில் அதையே செய்தால் யாராவது வந்து "ஏனுங்க இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க, கடலையாச்சும் போடலாமில்ல" என்பார்கள்.

களம் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை, அது நன்றாகவே வந்தது. வாசகசாலை வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டடிக்கு எட்டடி போட்டார்கள். முற்றிய மக்குக்குக் கறுப்பு, பாதி மக்கியதுக்குப் பழுப்பு, காய்ந்த இலையைத் திருகையில் அரைத்துப் பச்சை, அடுப்புச் சாம்பலில் வெள்ளை, கப்பிமண்ணில் சிவப்பு. சடங்குக்காகத் தரையில் தெய்வ உருவம் எழுதுகிற கேரளத்தின் களமெழுத்திலும் ஐந்து பொடிகள்தான்: அரிசிமாவு, உமிக்கரி, மஞ்சள், இலைப்பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு. மணிக்கணக்காக எழுதியதைச் சடங்கு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். ஆனால் அது குறுப்புமார் போன்ற சமூகத்தாரின் உரிமை, அதற்கென்று பாட்டும் முறையும் உண்டு. அதனால் பகவதி உருவம் வேண்டாம், நம் புள்ளிக்கோலமே போதும் என்று முடிவெடுத்ததில் பெண்கள் என்னைவிடத் தெளிவாக இருந்தார்கள். சாயங்காலம் கூட்டி அள்ளிக் குழியில் போட்டோம். செலவு, டீ வாங்கிய காசு.

திரும்புமா என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் கிடையாது. யார் கை என்ற கேள்வியில்தான் இடித்தது. கோலம் போட வந்தது ஆறு பெண்கள். ஆறு பேரும் முன்தெருவைச் சேர்ந்தவர்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. கோலம் நன்றாக வருகிறவர்களைக் கூப்பிட்டோம், அவ்வளவுதான் நடந்தது. ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம்.

இனி முளைப்பாரி. இதைத்தான் அந்தப் பிள்ளை சிற்பம் என்றாள். தமிழ்நாட்டில் எத்தனையோ மாரியம்மன் நோன்புகளில் காலம்காலமாக நடக்கிற காரியம் இது: ஓட்டிலோ சட்டியிலோ எருவும் வைக்கோலும் மண்ணும் நிரப்பி, நவதானியம் தூவி, வெளிச்சம் படாமல் மூடி வைத்து, மஞ்சள் பாய்ந்த முளையைத் தலையில் தூக்கிப் போய் ஆற்றிலோ குளத்திலோ கரைப்பது. மார்கழிக் கோலத்தில் பூசணிப்பூ செருகி வைக்கிற சாணிப்பிள்ளையாரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவரும் காய்ந்து, கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறார். மக்கில் கலை என்றதும் வெளிநாட்டு விஷயம் என்று நினைக்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தார்கள், அதற்குக் கலை என்று பெயர் வைக்கவில்லை.

என்ன உருவம் என்பதில் ஒரு சாயங்காலம் போனது. பிள்ளையார் என்றார்கள், வாசகசாலைக்கு ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளும் சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகளும் வருகிறார்கள், வேண்டாம் என்றாயிற்று. புத்தகம் என்றார்கள், அது எல்லா ஊர் நூலகத்திலும் சிமென்டில் இருக்கிறது. கடைசியில் ஒருக்களித்துத் தூங்குகிற ஒரு கிழவி. கையைத் தலைக்கு வைத்து, முழங்காலை மடக்கி, எங்கள் பக்கத்தில் மத்தியானம் திண்ணையில் எந்த அமத்தாவும் படுத்திருக்கிற மாதிரி.

மாதிரிக்கு இரண்டடியில் ஒன்று செய்தோம். முதல் கலவை தோல்வி. மக்கும் களிமண்ணும் சரிபாதி போட்டதில் காயும்போது முதுகு முழுக்க வெடித்துவிட்டது. இரண்டாவது தடவை மூன்று பங்கு மக்கு, ஒரு பங்கு குளத்துக் களிமண், ஒரு பங்கு மக்கவைத்த நார்த்தூள், இரண்டு கைப்பிடி தென்னைநார். நார்த்தூள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வெடிப்பு அடங்கியது. பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று மில்களில் மலைபோலக் கிடக்கிற அதே தூள்தான். அதைப் பச்சையாகப் போடாதீர்கள். கரிச்சத்து தழைச்சத்தைப்போல நூறு பங்குக்கு மேல் இருக்கும், முளையை மஞ்சளாக்கிவிடும். ஒரு டன்னுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து மக்கவைக்கிற முறையை வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. நாங்கள் ஏற்கெனவே மக்கியதை இரண்டு மூட்டை வாங்கிவந்தோம்.

மக்கும் பதமாகியிருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி: ஒரு கைப்பிடியை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்தால் மண் வாசம் வரவேண்டும், புளித்த வாசம் வந்தால் இன்னும் ஆகவில்லை. ஆகாததில் விதை போட்டால் உள்சூட்டில் வெந்துபோகும்.

பிசைவதற்கு ஒரு சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டோம். கோலத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த மாதிரி இதற்குத் தேர்ந்தெடுக்க முடியவில்லை, பிசைய என்ன திறமை வேண்டும்? மூன்று மூட்டை மக்கு, காலால் மிதித்துக் கையால் உருட்ட வேண்டும். கையில் காயம் இருக்கிறவர்கள் மட்டும் கையுறை போட்டுக்கொண்டார்கள். முதலில் பிள்ளைகள் இறங்கினார்கள். அப்புறம் அவர்களைப் பெற்றவர்கள். "உங்களுக்கு எதுக்குங்க" என்று என்னைக் கேட்ட அதே சொந்தக்காரர் ஓரமாக நின்று, "தண்ணி ஜாஸ்தி, இன்னும் கொஞ்சம் தூள் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்வதை யாரும் சரியாகக் கேட்கவில்லை என்று கோபம் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மாதச் சம்பளத்துக்குக் குழியில் வேலை செய்கிற அம்மா, அவர் உருட்டியதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது ஆகாதுங்க, உள்ள காத்து இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் மறுபடி பிசைந்தார். இதைப் பெரிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை. மறுநாள் ஊர் பழையபடிதான் இருந்தது. ஆனால் மற்ற மூன்று யோசனையிலும் இப்படி ஒன்று நடக்க இடமே இல்லை.

ராகியும் தட்டப்பயறும் தூவினோம். மூன்றாம் நாள் கிழவிக்குத் தலையில் பச்சை மயிர் முளைத்தது. ஐந்தாம் நாள் தாடை இறங்கியது. ஏழாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுக் கோழிகள் உள்ளே புகுந்து வயிற்றைக் கிளறிவிட்டன. மிச்சம் இருந்தது முழங்காலும் ஒரு காதும்.

ஜெர்மனியின் காசல் நகரம் இதிலும் வருகிறது. அங்கே 2012-இல் நடந்த டாக்குமென்டா கலைக்கண்காட்சியில் கிளேர் பென்ட்கோஸ்ட் என்ற கலைஞர் மக்கு மண்ணைத் தங்கக்கட்டி மாதிரி வார்த்து அடுக்கி, இதுதான் இனி நாணயம் என்று வைத்தார். அந்த யோசனையை எங்கள் பெண் விரும்பினாள்: விழாவுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டி. எனக்கும் ஆசைதான். ஆனால் பணம் என்ற உவமை வந்ததும் யாருக்கு எத்தனை என்ற பேச்சும் வந்துவிடும். எங்கள் ஊரைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எருவின் அருமைக்குக் குறளை இழுக்கிறவர்களும் உழுவதைவிட எரு போடுவது நல்லது என்கிற 1038-ஐச் சொல்வார்களே தவிர, புழுதியை நன்றாக உணக்கினால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிற 1037-ஐச் சொல்ல மாட்டார்கள். அதனால் கட்டி வேண்டாம். விழா முடிந்து கிழவி சரிந்ததும், வேண்டுகிறவர்கள் கையில் அள்ளிக்கொண்டு போகட்டும். கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் போனாலும் சரி. இந்தத் தடவை அந்தப் பக்கம் போகிற குப்பைக்கு யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆக, என் ஓட்டு கிழவிக்கு. ஆறடி நீளம், அடியில் மூங்கில் சட்டம், விழாவுக்கு ஐந்து நாள் முன்னால் விதைப்பு. மீன்தொட்டி உள்ளே பிள்ளைகள் பகுதியில் இருக்கட்டும், அதை எடுத்தால் அந்தப் பையன் என்னை விடமாட்டான். வாசலில் அன்றைக்குக் கோலம் எப்படியும் போடுவார்கள். சுவருக்கு வெள்ளையடித்துவிடலாம். கிழவி செய்ய நேரமில்லாத, ஆள் கூடாத ஊர்களுக்குக் களத்தைச் சொல்வேன். ஒரு காலையில் முடிகிற வேலை, தோற்றாலும் கூட்டித் தள்ளிவிடலாம். கோலம் தெரிந்தவர்களை மட்டும் கூப்பிடாமல் இருந்தால் சரி.

கமிட்டியில் இன்னும் இருவர் ஒப்பவில்லை. ஐந்து நாளில் சரிகிற பொருளுக்கு ஏன் இத்தனை பாடு என்பது அவர்கள் வாதம். ஃப்ளெக்ஸ் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன், அது வேறு விஷயம் என்றார்கள். பனையோலைத் தட்டி கட்டித் தர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கோழி வளர்க்கிற அம்மாதான் பாக்கி. பத்து நாள் கோழியை அடைத்துப்போட்டால் முட்டை குறையும், அதற்கு வாசகசாலை பதில் சொல்லுமா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வைக்கிறோம்.